மின்னணுப் போர்க் கருவி வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

எதிரி ரேடாரை ஒட்டுக்கேட்கும் ரிசீவரின் விளம்பரத் தாளில் உணர்திறன் எவ்வளவு, அதாவது எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை கேட்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை எங்கே அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஆய்வக மேசையில், ரிசீவர் பெட்டியின் வாயிலேயே அளந்திருப்பார்கள். கப்பலில் ஏறியபின் ஆன்டெனா மேலே இருக்கும், பெட்டி கீழே இருக்கும், நடுவில் பல மீட்டர் கேபிள். 18 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்ணில் அந்தக் கேபிள் சிக்னலைத் தாராளமாகவே விழுங்கும். வழியில் 3 டெசிபல் போனால் பாதி சக்தி காலி. ரேடாரைக் கண்டுபிடிக்கும் தூரமும் சுமார் 30 சதவீதம் குறையும். அதனால் டெண்டரில் ‘ஆன்டெனா வாயில், பொருத்திய நிலையில்’ என்று எழுத வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போனதால் வந்த சண்டையை நேரில் பார்த்திருக்கிறேன். விற்றவர் பெட்டி சரி என்கிறார், பொருத்தியவர் கேபிள் சரி என்கிறார். இரண்டும் உண்மைதான். கருவிக்குத்தான் காது கேட்கவில்லை.

அடுத்த தவறு, ரிசீவரை ஒருவரிடமும், எதிரி ரேடாரைக் குழப்ப அலை வீசும் ஜாமரை இன்னொருவரிடமும் ரேடியோவை மூன்றாமவரிடமும் வாங்கிவிட்டு, மூன்றையும் ஒன்றாக ஓட வைக்கும் பொறுப்பை யாரிடமும் தராமல் விடுவது. 1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலை எக்சோசெட் ஏவுகணை தாக்கியது. ரேடாரை மோப்பம் பிடிக்கும் கருவி அதில் இருந்தது. ஆனால் அப்போது கப்பல் செயற்கைக்கோள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது, அந்த அலைபரப்பு கருவியின் காதை அடைத்துவிட்டது. 20 பேர் இறந்தார்கள்.

மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஜாமர் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் வாயை மூடினால்தான் ரிசீவர் கேட்க முடியும். எது எப்போது மூட வேண்டும் என்பதை ஆர்டர் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சோதனையும் அப்படித்தான். மின்காந்தச் சோதனை செய்யும் தரமணி சமீர் மையத்தில் ஒவ்வொரு பெட்டியும் மில்-எஸ்டிடி-461 என்ற அமெரிக்க ராணுவ மின்காந்த இடையூறுத் தரத்தில் தேறி வந்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி, ஒரே நேரத்தில் ஆன் செய்து பார்ப்பது வேறு கதை. அதற்கும் சேர்த்து நாளும் பணமும் ஒதுக்க வேண்டும்.

அப்புறம் நூலகம். ரிசீவர் கேட்ட ரேடார் அலைத் துடிப்பின் அதிர்வெண்ணையும் அகலத்தையும் இடைவெளியையும் வைத்து ‘இது இன்ன ரேடார்’ என்று சொல்ல உதவும் தரவுத் தொகுப்பு அது. அதைத் திருத்தும் உரிமையும் மென்பொருளும் நம் கையில் இல்லையென்றால், புது ரேடார் ஒன்று வந்ததும் விற்றவரின் வாசலில் போய் நிற்க வேண்டும். நாம் எதைக் கேட்டோம் என்பதையும் அவரிடமே சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகத் தெரிகிறது. பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை 2020-ன்படி, இங்கேயே வடிவமைத்துத் தயாரிக்கும் வகைக்குக் குறைந்தது 50 சதவீத உள்நாட்டுப் பங்கு வேண்டும். சரி, கணக்கு தேறிவிடும். நூலகத்தின் சாவி அந்த 50-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிப் விஷயம் சின்னதுதான். கருவி இருபது வருடம் ஓடும், உள்ளே இருக்கும் சிப் அதற்குள் சந்தையை விட்டே போய்விடும். மாற்று வழி என்ன என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கத்துச் சிறு பட்டறைக்காரர்களுக்கு ஒன்று. குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்பதால் முதலில் கை வைப்பது கனெக்டரில், பூச்சில். நம் ஊர் உப்புக்காற்று சும்மா விடாது. ஒரு முறை சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று மென்பொருளில் மூன்று நாள் தேடினோம். கடைசியில் ஆன்டெனா பக்கத்து உறையைப் பிரித்தால், கனெக்டர் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பராமரிப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். பெட்டிகள் எல்லாம் இருந்தன, கனெக்டர் இல்லை.