அப்டேட் நின்றுபோன பழைய போனை என்ன செய்வது? அப்பத்தாவின் போனை வைத்து ஒரு செய்முறை

பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டு முகப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வளவுக்குள் போனால் சிக்னல் விழுந்துவிடும், சுவர் அவ்வளவு கனம்.

போன மாதம் அப்பத்தா கூப்பிட்டார்கள். "தம்பி, பேங்க் ஆப்பு தொறக்க மாட்டேங்குதுப்பா. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துப்புட்டேன் போல இருக்கு."

வந்து பார்த்தேன். அவர்கள் எதையும் கெடுக்கவில்லை. 2019 தொடக்கத்தில் பதினோராயிரம் ரூபாய்க்கு வாங்கிய போன். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை தாங்குகிறது. வரும்போது ஆண்ட்ராய்டு 8 இருந்தது, பிறகு ஒரே ஒரு முறை 9-க்கு மாறியது, அதோடு சரி. இந்தப் பதிப்பில் இனி இயங்காது என்று வங்கி ஆப் ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

ஒரு வாரமாக அப்பத்தா செட்டிங்ஸுக்குள் போய், புதிய அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போன் ஒரு பச்சை டிக்கோடு சொன்ன பதில்: "உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது." போனே எல்லாம் சரி என்று சொன்னால் தப்பு தன்மேல்தானே இருக்கவேண்டும் என்று எழுபத்தொரு வயதில் அவர்கள் நினைத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வரிக்கு உண்மையான அர்த்தம், இந்தப் போனுக்குக் கொடுக்க எங்களிடம் இனி எதுவும் இல்லை என்பது. அதை நேராகச் சொல்லியிருந்தால் ஒரு வார மனவேதனை மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு போன் இருந்தால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள். கணினி அறிவு எதுவும் வேண்டாம், ஒரு மத்தியானப் பொழுது போதும்.

படி 1: பச்சை டிக்கை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள்

செட்டிங்ஸைத் திறந்து கடைசி வரை கீழே இறங்குங்கள். "போனைப் பற்றி" அல்லது "மொபைல் அறிமுகம்" என்று ஒரு பகுதி இருக்கும். அதற்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் "பாதுகாப்புப் பேட்ச்" என்ற தலைப்பில் ஒரு தேதி வரும். சில போன்களில் இது செக்யூரிட்டி என்ற பகுதியில் இருக்கும். இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிப்பு எண் என்பது வீட்டின் தோற்றம் மாதிரி. புது வசதிகள், புதுப் படங்கள், புது மெனு எல்லாம் அதில் வரும். பேட்ச் என்பது கதவின் பூட்டு. திருடர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பது அதுதான். பதிப்பு பழையதாக இருந்தாலும் பேட்ச் தேதி இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் அந்தப் போனைக் கம்பெனி கைவிட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தா போனில் இருந்த தேதி 2020 டிசம்பர்.

ஆண்ட்ராய்டு 10-க்கும் அதற்கு மேலும் உள்ள போன்களில் மூன்றாவதாக "கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்" என்று இன்னொரு தேதி இருக்கும். கம்பெனி கைவிட்ட பிறகும் சில உள்பகுதிகளைக் கூகுளே நேரடியாகச் சரிசெய்ய 2019-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அது முழுப் பூட்டுக்கு ஈடாகாது. ஆனாலும் இருந்தால் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் சாஃப்ட்வேர் அப்டேட். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், ஐஓஎஸ் 9-இல் தொடங்கி 15 வரை வாங்கியது. ஆண்ட்ராய்டில் பதினோராயிரம் ரூபாய்ப் போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஏன் இப்படி?

இது படி இல்லை, அவசரம் என்றால் தாண்டிப் போகலாம். ஆனால் அப்பத்தா என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

கூகுள் ஆண்ட்ராய்டை எழுதி வெளியிடுகிறது. அது ஒரு போனில் ஓடவேண்டும் என்றால், உள்ளே இருக்கும் சிப்பைச் செய்த கம்பெனி அதற்கேற்ற டிரைவர்களை, அதாவது சிப்பையும் ஆண்ட்ராய்டையும் பேசவைக்கும் மென்பொருளை, கொடுக்கவேண்டும். பிறகு போன் கம்பெனி தன் பங்குக்குத் திரையையும் கேமராவையும் பொருத்திச் சோதித்து அனுப்பவேண்டும். சிப் கம்பெனி பழைய சிப்பை விட்டுவிட்டால் போன் கம்பெனிக்குக் கை கட்டிய மாதிரி. சிப் கம்பெனி கொடுத்தாலும், விற்று முடிந்த போனுக்கு ஆள் போட்டு வேலை பார்த்தால் ஒரு ரூபாய் வரவு கிடையாது. விலை குறைந்த போன்கள் முதலில் விடுபடுவது அதனால்தான்.

இந்த முகப்பின் ஆத்தங்குடிக் கல் தளத்தில் ஒரு கல் உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் பெயர்த்துவிட்டு வேறு கல் பதிக்கலாம். பழைய ஆண்ட்ராய்டில் அது முடியாது, ஒரு கல்லை மாற்றத் தளம் முழுவதையும் பெயர்க்கவேண்டும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8-ஓடு புராஜெக்ட் டிரெபிள் என்று ஒன்றைக் கொண்டுவந்து, சிப்புக்கான அடிப்பகுதியையும் ஆண்ட்ராய்டின் மேல்பகுதியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். வேலை எளிதாயிற்று. ஆனாலும் செய்ய மனம் வேண்டுமே. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தார்கள். அப்படியானால் ஏழு வருடம் கொடுக்க முடியும் என்றுதானே பொருள்? விலை உயர்ந்த போனுக்கு முடிவது அப்பத்தாவின் போனுக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் நியாயமான பதில் கிடைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தரவேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கேயும் வரவேண்டும்.

படி 2: எதையும் தொடுமுன் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பாதி மத்தியானம் இதற்கே போகட்டும்.

தொடர்பு எண்கள்: சிம்மில் இருக்கின்றனவா, போனிலா, கூகுள் கணக்கிலா என்று காண்டாக்ட்ஸ் ஆப்பில் பாருங்கள். எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள். கணக்கின் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். பெரியவர்கள் விஷயத்தில் நான் பார்த்த அளவில் பாதிப் பிரச்சினை மறந்துபோன பாஸ்வேர்டுதான்.

படங்கள்: கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. படங்கள், மெயில் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். அதனால் நான் கேபிளைத்தான் நம்புகிறேன். போனை லேப்டாப்பில் செருகுங்கள். வழக்கமாகச் சார்ஜ் மட்டும் ஏறும். மேலிருந்து திரையை இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, "கோப்புப் பரிமாற்றம்" என்று மாற்றினால் போனின் உள்ளடக்கம் லேப்டாப்பில் தெரியும். டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் கேமராப் படங்கள் இருக்கும். அதை முழுதாக நகல் எடுங்கள்.

பலரும் கேமராப் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாய்ஸ் நோட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. (ஆண்ட்ராய்டு 11-க்கு மேல் அது ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள், மீடியாவுக்குள் இருக்கும்.) திறந்தால் 202034 மாதிரி எண்களாகத் தெரியும். முதல் நான்கும் வருடம், கடைசி இரண்டும் வாரம். 2020-இல் ஐயா (என் தாத்தா) இருந்தார்கள். டைப் அடிக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது, எல்லாம் குரலில்தான் அனுப்புவார்கள். அந்த வாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அப்பத்தாவும் நானும் கேட்டோம். மாவு மில்லுக்குப் போன ஆள் வந்தானா, கோவிலூருக்கு வண்டி சொல்லியாச்சா, மழை வருது மாடிக் கதவைச் சாத்து. அவ்வளவுதான் செய்தி. அப்பத்தா நடுவில் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். இரண்டு பென் டிரைவில் தனித்தனியாக ஏற்றியிருக்கிறேன். தயவுசெய்து அந்த ஃபோல்டரை விட்டுவிடாதீர்கள்.

படி 3: பாரம் குறையுங்கள்

தேவையில்லாத ஆப்களை நீக்குங்கள். ஷாப்பிங், செய்தி மாதிரியானவற்றுக்கு உலாவியே போதும். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். வேகம் கூட்டித் தருகிறேன், குப்பை அள்ளித் தருகிறேன் என்று சொல்லும் ஆப்கள் வேண்டவே வேண்டாம்.

உலாவியைக் கவனியுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் புதிய குரோம் பதிப்புகளுக்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். 8, 9 வைத்திருப்பவர்களுக்குக் குரோம் அப்படியே நின்றுவிடும். ஃபயர்பாக்ஸ் போன்ற வேறு உலாவி உங்கள் போனுக்குக் கிடைக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பிளே ஸ்டோரில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்கு 2025-இல் ஆண்ட்ராய்டு 5 இருந்தாலே போதுமாக இருந்தது, ஐபோனில் ஐஓஎஸ் 15.1 தேவைப்பட்டது.

படி 4: பணத்தை இந்தப் போனிலிருந்து பிரியுங்கள்

பேட்ச் நின்ற போனில் வங்கி ஆப்பையும் யூபிஐ ஆப்பையும் வைக்கவேண்டாம். வேலை செய்தாலும் வேண்டாம். அப்பத்தாவுக்கு நான் செய்த ஏற்பாடு இது.

வங்கியில் பதிவான சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டேன். ஓடிபி இனி அதில்தான் வரும். இருப்புப் பார்க்கவும் பணம் அனுப்பவும் *99# என்று அழுத்தினால் போதும், இணையமே தேவையில்லை. அதே எண்ணில் ஏற்கெனவே பதிவான வாட்ஸ்அப் அப்பத்தாவின் பழைய போனில் வைஃபை மூலம் தொடர்ந்து ஓடுகிறது. ஆனால் வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் ஆறு இலக்க எண் பட்டன் போனுக்கு வரும், இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூபிஐ கட்டாயம் வேண்டும் என்பவர்கள் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் போட்டு, அதை வேறொரு நல்ல போனில் இணையுங்கள். ஓய்வூதியமும் வாடகையும் வருகிற கணக்கை இணைக்காதீர்கள்.

இன்னொன்று. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு வரும். நம் பக்கம் பத்திரிகை வராத வாரம் இல்லை, அதனால் யாரும் யோசிக்காமல் தொட்டுவிடுவார்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். ஏபிகே என்றால் ஆப், அதைத் திறந்தால் உங்கள் எஸ்எம்எஸ்ஸை அது படிக்கும். செட்டிங்ஸில் "தெரியாத ஆப்களை நிறுவுதல்" என்று தேடி, அதில் வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் அனுமதியை நிறுத்துங்கள். "அப்பத்தா, யார் அனுப்பினாலும் முதல்ல எனக்குக் காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறேன். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

படி 5: பேட்டரி

பேட்டரி பாதி நாள்கூட நிற்காவிட்டால் மாற்றலாம். காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் இரண்டு மூன்று கடையில் விலை விசாரியுங்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். பித்தளைக்கும் தேக்குக்கும் இல்லாத ஒரு வியாதி பேட்டரிக்குள் இருக்கும் லித்தியத்துக்கு உண்டு, சூடு ஆகாது. மாடிச் சன்னலிலும் காரின் முன்பக்கத்திலும் போனை வைக்காதீர்கள். 1953-இலிருந்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் இதை நாம் கவனிக்காமல் இருக்கக்கூடாது.

படி 6: துணிந்தவர்களுக்கு மட்டும்

லினியேஜ்ஓஎஸ் என்று, கம்பெனி தந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. இதே மாதிரியான சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் நின்றபோது அதிலிருந்து தொடங்கியது. கம்பெனி கைவிட்ட பல போன்களுக்குத் தன்னார்வலர்கள் புதிய ஆண்ட்ராய்டைத் தயாரித்துத் தருகிறார்கள். அவர்களுடைய அதிகாரப்பூர்வப் பட்டியலில் உங்கள் மாடல் எண் அப்படியே இருக்கவேண்டும், ஏறத்தாழ ஒத்தால் போதாது. இதைப் போட, போனை முதலில் எழுப்பும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறக்கவேண்டும்; திறக்கும்போது போனில் உள்ளது எல்லாம் அழியும். சில கம்பெனிகள் திறக்கவே விடுவதில்லை. வங்கி ஆப்கள் பெரும்பாலும் மறுக்கும். கையில் இருப்பது ஒரே போன் என்றால் இதில் இறங்காதீர்கள். அப்பத்தா போன் அந்தப் பட்டியலில் இல்லை.

படி 7: அடுத்த போன் வாங்கும்போது

கடைக்காரரிடம் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், "தம்பி, இதுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம், எந்த மாசம் வரைக்கும்?" என்று கேளுங்கள். வருடக் கணக்கு தொடங்குவது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. தீபாவளித் தள்ளுபடியில் இரண்டு வருடம் முன்பு வந்த மாடலைக் கொடுப்பார்கள். நான்கு வருட வாக்குறுதி என்றால் உங்கள் கைக்கு வருவது இரண்டுதான். கம்பெனியின் இணையதளத்தில் அந்த வாக்குறுதி இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். சொன்னபடி தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அது வேண்டும்.

அப்பத்தாவின் போன் இப்போது முகப்பில் மரத்தூணை ஒட்டிய ஸ்டாண்டில் நிற்கிறது. வைஃபை ரவுட்டரையும் முகப்புக்கே மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆறரை மணிக்குச் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுவார், அங்கே ஒன்பதாகியிருக்கும். படம் தெளிவாக வருகிறது. போன வாரம் அப்பத்தா பட்டன் போனில் *99# போட்டுத் தானாகவே இருப்புப் பார்த்துவிட்டு, தொகையைத் தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்கள். "சரியாப்பா?" என்றார்கள். சரியாகவே இருந்தது.