விளக்கு எரிந்ததும் லீவரை அழுத்தாதீர்கள்: ஜெட் ஸ்கி வைத்திருப்பவர்கள் செய்யும் தப்புகள்

போன அக்டோபர். மழைக்காலம் முடிந்து, நாங்கள் நாலு பேர் கூட்டாக வாங்கிய பழைய ஜெட் ஸ்கியை அலிபாக் பக்கம் நாகாவ் கடற்கரையில் இறக்கினோம். எல்லோரும் மும்பைக்காரர்கள்தான்: இரண்டு பேர் செம்பூர், ஒருவர் முலுண்ட், நான் தாராவி. அரைக் கிலோமீட்டர் போயிருப்போம், பஸ்ஸர் வீல் என்று கத்தியது. டிஸ்பிளேயில் சிவப்பாக ஏதோ மின்னியது. வண்டியின் வேகம் மாட்டு வண்டி அளவுக்கு இறங்கிவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த முலுண்ட் நண்பர் உடனே வேகத்தைக் கூட்டும் லீவரை இன்னும் பலமாக அழுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த நான், "அப்படியே அழுத்துங்க, கரைக்குப் போயிடலாம்" என்று உற்சாகப்படுத்தினேன்.

கரைக்கு வந்தோம், கூடவே ரப்பர் கருகும் வாசனையும் வந்தது.

மஜ்காவில் பாவுச்சா தக்கா படகுத்துறைப் பக்கம் படகு இன்ஜின் பார்க்கும் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மறுநாள் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் ரோ-ரோ படகில் மாண்ட்வா வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்து பார்த்தார். வண்டியைச் சாய்த்து, அடியில் உள்ள கிராதியிலிருந்து ஒரு அரிசிச் சாக்குத் துண்டை இழுத்துப் போட்டார். "தம்பி, இது பத்து நிமிஷ வேலை. உள்ள புகை போற எக்ஸாஸ்ட் ஓஸ் வெந்திருக்கு, ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கு. அந்தச் செலவு மட்டும் நீங்களா தேடிக்கிட்டது" என்றார். அன்றிலிருந்து அவர் சொன்னதும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் புரிய வேண்டியது இது. விளக்கு எரிந்து வேகமும் குறைந்தால், பெரும்பாலும் அந்த வேகத்தைக் குறைத்தது வண்டியேதான். சூடு ஏறினாலோ எண்ணெய் அழுத்தம் இறங்கினாலோ, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினை ஒரு எல்லைக்கு மேல் சுற்ற விடாது. லிம்ப் மோடு என்பார்கள், நொண்டி நொண்டி வீடு சேருகிற நிலை. அப்போது லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் கூடாது. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், சூடும் ஏறிக்கொண்டே இருக்கும். நாங்கள் செய்தது அதைத்தான்.

சரி, அழுத்தாமல் என்ன செய்வது? லீவரைத் தளர்த்திவிட்டு இரண்டு விஷயம் பாருங்கள். எந்த விளக்கு எரிகிறது? ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண், என்ன சொல்கிறது? ஆர்பிஎம் எகிறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் கோளாறு தண்ணீரைப் பின்னால் பீய்ச்சும் பம்ப் பக்கம். ஆர்பிஎம்மே ஏற மறுக்கிறது என்றால் இன்ஜின், மின்சாரம், எரிபொருள், இல்லாவிட்டால் சாவி. இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். கரையில் வாடகைக்கு விடும் பையன்கள் இதைக் கேட்காமலேயே பிளக்கைக் கழற்ற ஆரம்பிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. லீவரை முழுதாக விட்டுவிட்டால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். புதிய மாடல்களில் இதற்குச் சில உதவி ஏற்பாடுகள் உண்டு, ஆனால் அதை நம்பி முன்னால் நிற்கும் மீன்பிடிப் படகை நோக்கிப் போகாதீர்கள். வழி திறந்திருக்கிற பக்கம் திரும்பிய பிறகு வேகத்தைக் குறையுங்கள்.

பம்ப் பக்கக் கோளாறுக்கு மும்பைக் கடலில் பஞ்சமே இல்லை. வெர்சோவாவில் அப்ரோஸ் ஷா 2015-ல் தொடங்கிய கடற்கரைத் துப்புரவு உலகப் புகழ் பெற்றது என்றால், அள்ள அங்கே எவ்வளவு குப்பை கிடந்திருக்கும் என்று பாருங்கள். பிள்ளையார் கரைப்பு முடிந்த வாரங்களில் தண்ணீரில் மாலை நாரும் துணியும் சணல் கயிறும் மிதக்கும். ஜெட் ஸ்கி அடிவயிற்றில் உறிஞ்சும் தண்ணீரை இம்பெல்லர் என்கிற விசிறி பின்னால் தள்ளுகிறது, உறிஞ்சுவது ஒரு கிராதி வழியாகத்தான். அதில் ஒரு பை ஒட்டினாலே வண்டி அதிரும், இன்ஜின் வெறுமனே கத்தும், இழுவை இருக்காது.

இங்கே நடக்கும் மிக ஆபத்தான தப்பு, இன்ஜின் ஓடும்போதே கையை உள்ளே விடுவது. இன்ஜினை நிறுத்தி, மணிக்கட்டில் கட்டும் பாதுகாப்புக் கயிற்றையும் வண்டியின் சுவிட்சிலிருந்து கழற்றிய பிறகுதான் கிராதிப் பக்கமே போக வேண்டும். நீளமான தலைமுடி, தொங்கும் கயிறு, துப்பட்டா எதுவும் கிட்ட வரக்கூடாது. கடல் நடுவில் என்றால், இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், பை பல நேரம் தானாக விழுந்துவிடும். சாதாரண ரிவர்ஸை இதற்கு நம்பாதீர்கள், அது பீய்ச்சும் தண்ணீரைத்தான் திருப்பும், இம்பெல்லர் அதே பக்கம்தான் சுற்றும். கயிறு சுற்றியிருந்தால் அங்கே போராடாதீர்கள், இழுத்துக்கொண்டு கரைக்கு வாருங்கள்.

குப்பை எதுவும் இல்லை, ஆனாலும் கிளம்பும்போது ஆர்பிஎம் மட்டும் தாவுகிறது, வண்டி மெதுவாகத்தான் பிடிக்கிறது என்றால், அது மணல் செய்த வேலை. இம்பெல்லரைச் சுற்றி வேர் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். மணல் உறிஞ்சி உறிஞ்சி அது தேய்ந்துவிட்டால் தண்ணீர் பின்னால் போகாமல் சுற்றி நழுவும். இதற்கு எந்த விளக்கும் எரியாது. நாகாவ், ஜூஹு மாதிரித் தட்டையான கரைகளில் மராத்திக்காரர்கள் ஓஹோட்டி என்று சொல்லும் வற்று நேரத்தில், முழங்கால் தண்ணீரில் இன்ஜினைக் கிளப்பினால் இதுதான் நடக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறினாலும், வண்டிக்கு அடியில் 60 முதல் 90 சென்டிமீட்டர் தண்ணீராவது வேண்டும் என்பார்கள். இடுப்பளவுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்புவது சோம்பேறிகளுக்குக் கஷ்டம்தான்.

இனி சூட்டு விளக்கு. யமஹா, கவாசாகி வண்டிகளில் வெளித் தண்ணீர்தான் நேராக இன்ஜினைச் சுற்றிக் குளிர வைக்கிறது. சீ-டூ என்கிற இன்னொரு கம்பெனி வண்டியில் காரைப் போலக் கூலன்ட் தனியாகச் சுற்றுகிறது, ஆனால் எக்ஸாஸ்டைக் குளிர வைக்க அதற்கும் வெளித் தண்ணீர் வேண்டும். அதாவது அடியில் அடைத்த ஒரே பை இழுவையையும் கெடுக்கும், குளிர்ச்சியையும் கெடுக்கும். வெளித் தண்ணீரில் குளிரும் வண்டிகளில் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அதை அவ்வப்போது எட்டிப் பாருங்கள். பீய்ச்சவில்லை என்றால் பஸ்ஸர் கத்தும்வரை காத்திருக்க வேண்டாம். கூலன்ட் வண்டியில் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதில்தான் முக்கால்வாசிப் பேர் தப்புச் செய்கிறார்கள். ஓஸைச் சொருகி, குழாயைத் திறந்துவிட்டு, பிறகு இன்ஜினைக் கிளப்புவார்கள். இன்ஜின் நிற்கும்போது ஏறும் தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் காற்று இருக்காது, அது பின்வாங்கி சிலிண்டருக்குள் இறங்கும். வரிசை இதுதான்: முதலில் இன்ஜின், உடனே தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அப்புறம் இன்ஜின். தண்ணீர் இல்லாமல் ஓடும் நேரம் 15 நொடியைத் தாண்டக் கூடாது. அண்ணாச்சி இதைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறார்.

எண்ணெய் விளக்கு எரிந்தால் பேச்சே இல்லை. பாதுகாப்பான இடம் என்றால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். சூட்டு விளக்கு கொஞ்சம் அவகாசம் தரும், எண்ணெய் அழுத்தம் தராது. ஆனால் கரைக்கு வந்ததும் செய்யும் தப்பு இதைவிடச் சுவாரசியமானது. டிப்ஸ்டிக்கை இழுக்கிறோம், எண்ணெய் குறைவாகத் தெரிகிறது, ஒரு லிட்டர் ஊற்றிவிடுகிறோம். பல நாலு-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கிகளில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். வண்டி நாள் கணக்கில் சும்மா கிடந்தால் அது மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும், அளவுகோலில் குறைந்த மாதிரித்தான் தெரியும். சீ-டூவின் நாலு-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் வண்டியைச் சமமாக நிறுத்தி, இன்ஜின் சூடான பிறகு 30 நொடி மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, இன்னும் 30 நொடி பொறுத்து டிப்ஸ்டிக் பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கு என்ன முறை என்று கையேட்டில் ஒரு தடவை படித்துவிடுங்கள். எண்ணெய் கூடிப்போனால் அது காற்று போகும் பாதையில் ஏறி, புகை வரும், பிளக் கறுக்கும், சக்தி குறையும். குறைவு என்று நினைத்து ஊற்றியதே கோளாறாகிவிடும். எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அப்போது ஓட்டவே கூடாது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வோல்டேஜ் இறங்கினால் சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும், சென்சார் மாற்றச் சொல்லி உங்களிடம் காசு வாங்குவார்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது மல்டிமீட்டர் 12.6 முதல் 12.8 காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14. மழைக்கு நாலு மாதம் மூடிவைத்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். டெர்மினலில் பூத்த உப்பை வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவால் துடைக்கலாம். ஓடும் காரின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஜம்ப் கொடுக்காதீர்கள், கார் இன்ஜின் நின்றிருக்கட்டும்.

அடுத்தது பெட்ரோல். பல ஜெட் ஸ்கி கையேடுகள் 10 விழுக்காடு எத்தனாலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன. 2025-லிருந்து நம் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது 20 விழுக்காடு கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொங்கண் மழையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதி டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டியில், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடலாம். எரிபொருள் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அக்டோபரில் வண்டி திக்கித் திணறினால் பிளக்கைத் திட்டுவதற்கு முன் பழைய பெட்ரோலை வடித்துப் பாருங்கள். எந்தச் சோதனைக்கும் முன்னால் சீட்டைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள். மூடிய பெட்டிக்குள் தங்கிய பெட்ரோல் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பீடி பற்றவைக்கும் ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சில நேரம் கோளாறே இருக்காது. சீ-டூவில் புதிதாக ஓட்டுபவர்களுக்கென்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் தனிச் சாவி உண்டு. யமஹாவின் சில மாடல்களில் குறைந்த ஆர்பிஎம் நிலை ஒன்று இருக்கிறது. யாரோ குழந்தைக்காகப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். பின்னால் உள்ள வடிகால் மூடியைத் திருகாமல் இறக்கிவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறி, வண்டி கனத்து, சென்சார் வயர்கள் நனைந்து, எல்லா விளக்கும் தீபாவளி போல எரியும். செம்பூர் நண்பர் இதை இரண்டு தடவை செய்திருக்கிறார்.

கவிழ்ந்த வண்டியை இஷ்டப்பட்ட பக்கம் புரட்டாதீர்கள். எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அம்பு இருக்கும். மாற்றிப் புரட்டினால் எக்ஸாஸ்டில் நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்குப் போகும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இன்ஜின் இறுகி நிற்கும். தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் மறுபடி மறுபடி அழுத்துவது வீண் செலவு.

கட்டி இழுத்து வருவதிலும் இதே ஆபத்து. நின்றுபோன வண்டியை மீன்பிடிப் படகு வேகமாக இழுத்தால் தண்ணீர் தானாக உள்ளே ஏறும். யமஹா கையேடு மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்கிறது. இழுப்பவர் "சலேகா, சலேகா" (போகலாம், ஒன்றும் ஆகாது) என்பார். நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். கரை தெரியாத தூரத்தில் மாட்டிக்கொண்டால் நீந்திப் போக நினைக்காமல் வண்டியிலேயே இருங்கள். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554. போனை நீர் புகாத பையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளாவிட்டால் எண் தெரிந்து பயனில்லை.

இன்ஜின் விளக்கு எரிந்தால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி அதை அணைக்கும் ஆட்களிடம் ஜாக்கிரதை. உள்ளே பதிவான பிழைக் குறியீடுதான் கோளாறு எங்கே என்று சொல்லும் ஒரே சாட்சி. யமஹாவுக்கு ஒய்.டி.எஸ்., சீ-டூவுக்கு பட்ஸ் என்று தனித்தனி மென்பொருள் இருக்கிறது. கார் மெக்கானிக்கின் ஸ்கேனர் அங்கே நேராகப் பொருந்தாது.

கடைசியாக, போன மாதம். டிஸ்பிளேயில் மஞ்சளாக ஒரு ஸ்பானர் படம். சூடு இல்லை, புகை இல்லை, வேகமும் குறையவில்லை. ஆனாலும் பழைய பயத்தில் இன்ஜினை நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டு கரைக்கு வந்து, அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். அவர் போன் பண்ணிச் சிரித்தார். "சர்வீஸ் பண்ற மணிக்கணக்கு முடிஞ்சிருச்சுன்னு ஞாபகப்படுத்துதுப்பா. அதுக்குப் போயி துடுப்பு போட்டீங்களா?"