காரின் துருப்பிடித்த ரிம்முக்கு வீட்டிலேயே பெயிண்ட்: ஸ்டெப்னியில் தொடங்குங்கள்

எங்கள் ஊர் கடலோரம். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. பழைய வேகன்ஆரின் பிளாஸ்டிக் வீல் கப்பை ஒருநாள் கழற்றினால், உள்ளே இருந்த 13 இன்ச் இரும்பு ரிம் கருவாட்டு நிறத்தில் இருந்தது. ஐந்து ரிம்முக்கும் நானே பெயிண்ட் அடித்தேன். முதலில் அடித்தது மூன்றே மாதத்தில் உரிந்து வந்தது. மற்ற நான்கும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. உரிந்தது ஸ்டெப்னி என்பதால் மானம் தப்பியது.

அதனால்தான் சொல்கிறேன், ஸ்டெப்னியில் தொடங்குங்கள். கை பழகும், பிசகினாலும் டிக்கிக்குள் யாரும் பார்க்கப் போவதில்லை. அது காய்ந்ததும் ஒரு சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி வையுங்கள். பெயிண்ட் அடித்த சக்கரம் திரும்பத் தன் இடத்துக்கே போகட்டும். வண்டியை ஜாக்கியில் நாள்கணக்காக நிறுத்தும் ஆபத்து இல்லை. அளவில் சிறிய ஸ்டெப்னி கொடுக்கும் புதிய வண்டிகளுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம்.

இன்னொன்று, இங்கே சொல்வதெல்லாம் இரும்பு ரிம்முக்கு. அலாய் வீல் அலுமினியம். அதற்கு எட்ச் பிரைமர் என்ற தனி அடிப்பூச்சு வேண்டும். முகத்தில் கடைசல் கோடு மின்னும் டைமண்ட் கட் வீல் என்றால் உப்புத்தாளைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

பெயிண்ட் கடையில் 80, 220, 400 நம்பர் உப்புத்தாள், கம்பி பிரஷ், தின்னர், மாஸ்கிங் டேப், அப்புறம் பிரைமர், சில்வர், கடைசியாக மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர் என மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள் வாங்குங்கள். மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வீட்டு ஜன்னலுக்கு அடித்த மிச்ச ரெட் ஆக்சைடை பிரஷ்ஷால் தடவி அதன்மேல் ஸ்ப்ரே அடித்தால், அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பிவிடக்கூடும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, அதன் பிறகு ஜாக்கியை ஏற்றுங்கள்.

இப்போது கழுவும் வேலை. நான் கோட்டைவிட்டது இங்கேதான். சோப்பு போட்டுக் கழுவினேன், பளிச்சென்று இருந்தது. ஆனால் சில நாள் முன்புதான் டயருக்குப் பாலிஷ் போட்டிருந்தேன். அதிலுள்ள சிலிக்கோன் ரிம்மில் படிந்திருந்தது. அதன்மேல் விழுந்த பெயிண்ட் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகியது. பாத்திரம் தேய்க்கும் லிக்விடால் இரண்டு முறை கழுவி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீராக உருண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் போகவில்லை. ஒரே படலமாகப் பரவினால் சரி. இதை முடிக்காமல் உப்புத்தாளை எடுத்தால் அந்தப் பசையைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுவதுதான் நடக்கும்.

துரு இருக்கும் இடத்தில் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் தாள். வெள்ளை இரும்பு தெரியும்வரை விடாதீர்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை உரிக்க வேண்டியதில்லை, பளபளப்பு மங்கினால் போதும். அடுத்து 220, கடைசியில் 400. இரும்பும் பழைய பெயிண்டும் சேரும் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் படி தட்டக்கூடாது. பிறகு தூசியைத் துடைத்து, வெள்ளை பனியன் துணியில் தின்னர் தொட்டு, துணியில் அழுக்கு ஒட்டாமல் வரும்வரை துடையுங்கள். நட் துளையைச் சுற்றி விரிசலோ, ஆழமாக அரித்த பள்ளமோ தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு ரிம்மை மாற்றுங்கள்.

டயரைக் கழற்ற பஞ்சர் கடைக்கு ஓட வேண்டாம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைப் பாதியாக வெட்டி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றிலும் செருகுங்கள். தடித்த அட்டைப் பத்திரிகை அருமையாக நிற்கும். காற்று வால்வுக்கு டேப் சுற்றுங்கள்.

நட் உட்காரும் சரிவான குழிகளையும், சக்கரம் மாட்டும் ஹப்பில் படியும் பின்பக்கத்தையும் கட்டாயம் மூடுங்கள். அங்கே பெயிண்ட் ஏறினால், நட்டை இறுக்கியபின் அந்தப் பூச்சு நசுங்கித் தேயும், நட்டு தானாகத் தளரும். பார்க்க அழகாக இல்லையே என்று இந்த இடத்தில் சபலப்படாதீர்கள்.

ஸ்ப்ரே அடிப்பது சுலபமான பகுதி. சக்கரத்தைக் கவிழ்த்த வாளிமேல் படுக்க வையுங்கள். பெயிண்ட் எளிதில் வழியாது, சுற்றிச் சுற்றி அடிக்கலாம். காற்றோட்டமான இடம், முகத்தில் மாஸ்க், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ரிம்முக்கு வெளியே தொடங்கி வெளியிலேயே முடியுங்கள். முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரிய வேண்டும். ஒரேயடியாக மூடப் பார்த்தால் வழியும். பிரைமர் இரண்டு, சில்வர் மூன்று, கிளியர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். ஒரு டப்பாவில் இரண்டு ரிம்மின் முன்முகம் முடிந்தது எனக்கு.

உச்சி வெயிலிலும் வேண்டாம், ஐப்பசி மழையிலும் வேண்டாம். ஈரக்காற்றில் கிளியர் வெளுத்துப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். வழிந்துவிட்டால் விரலால் தொடாதீர்கள். (தொடுவீர்கள். நானும் தொட்டேன்.) ஒருநாள் விட்டு 400 தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி அடியுங்கள்.

பத்திரிகைகளை உருவிவிட்டு ஒருநாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டியதும் வீல் ஸ்பேனரால் மறுபடி சரிபாருங்கள். ஒரு வாரத்துக்கு வாட்டர் சர்வீஸ் பக்கம் போக வேண்டாம். மிச்சமுள்ள டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்திவிட்டு எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சக்கரத்துக்கு வருவதற்குள் டப்பாவின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.