லாக் நட் சாவி தொலைந்துவிட்டதா? அவசரப்பட்டு அடிக்காதீர்கள்

பஞ்சர் ஆன சக்கரத்தில் மற்ற நட்டுகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரே ஒரு நட்டு மட்டும் எந்த ஸ்பானருக்கும் பிடி கொடுக்காமல் வழவழப்பாக நிற்கும். அதுதான் லாக் நட். அலாய் வீல் திருடு போகாமல் இருக்க சக்கரத்துக்கு ஒன்று என்று மாட்டியிருப்பார்கள். அதன் தலைக்குள் இருக்கும் வளைவுகளுக்குப் பொருந்துகிற சின்ன சாவி இல்லாமல் அது திரும்பாது.

முதலில் வண்டியை முழுசாகத் தேடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், ஜாக்கி வைத்திருக்கும் தட்டில், டேஷ்போர்டு பெட்டியில், சீட்டுக்கு அடியில், கதவுப் பையில் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக டயர் மாற்றிய இடத்துக்கும் ஒரு போன் போடுங்கள். வேலை முடிந்ததும் சாவி அவர்களுடைய சாக்கெட்டுக்குள்ளேயே (நட்டின் மேல் மாட்டித் திருப்புகிற குழல்) சிக்கி நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. என் சாவியும் அப்படித்தான் போனது, இரண்டு நாள் வீட்டைப் புரட்டிய பிறகுதான் எனக்கே தோன்றியது.

கிடைக்கவில்லை என்றால் அடுத்தது எண். பல நட்டு செட்டுகளோடு ஒரு குறியீட்டு எண் அச்சிட்ட அட்டை வரும், வண்டிப் புத்தகத்துக்குள் செருகி இருக்கலாம். அந்த எண் இருந்தால் அதே சாவியைப் புதிதாக வரவழைக்கலாம். எண் இல்லாவிட்டாலும், உங்கள் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் எல்லா வடிவங்களும் அடங்கிய சாவி செட் இருக்க வாய்ப்புண்டு, நட்டின் முகத்தைத் துடைத்து நேராக ஒரு போட்டோ எடுத்துக் காட்டிக் கேளுங்கள். ஒன்றிரண்டு நாள் காத்திருக்க முடிந்தால் இதுதான் நல்ல வழி. நட்டும் வீலும் சேதமாகாமல் வேலை முடிந்துவிடும்.

காத்திருக்கவே முடியாது என்றால்தான் சுத்தியல்.

வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்க சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கிய வண்டியில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, ஒரு இழுப்பில் வண்டி சரிந்துவிடும். மற்ற நட்டுகளை ஏற்கெனவே தளர்த்தியிருந்தால் திரும்ப முறுக்குங்கள், எல்லா இறுக்கத்தையும் லாக் நட் தனியாகத் தாங்காமல் இருந்தால் அது கொஞ்சம் எளிதாக இளகும்.

பன்னிரண்டு முனை உள்ள பழைய சாக்கெட் ஒன்று வேண்டும். நட்டின் மேல் கையால் ஏறாமல், ஆனால் அடித்தால் ஏறுகிற அளவு, அதாவது நட்டின் வெளி அளவைவிட ஒரு மயிரிழை சின்னது. இடதுபக்கம் திருப்பத் திருப்ப உள்ளே கடித்துக்கொள்கிற சுருள் பற்கள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் தனியாகவே விற்கிறது, கிடைத்தால் அதுதான் இன்னும் நல்லது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், ஏனென்றால் கடினமான இரும்பை அடிக்கும்போது சில்லு தெறிக்கும், கண்ணில் பட்டால் அவ்வளவுதான். சுற்றியுள்ள அலாய் மேல் தடித்த டேப் ஒட்டிவிட்டு, சாக்கெட்டை நேராக வைத்து அடித்து இறக்குங்கள். சாய்ந்து இறங்கினால் வழுக்கிவிடும். தேவைக்கு மேல் அடிக்கவும் வேண்டாம், அந்த அதிர்வு முழுக்க வீல் பேரிங்குக்குத்தான் போகிறது. அப்புறம் சாக்கெட்டைத் திருப்புகிற நீளமான கைப்பிடியான பிரேக்கர் பார் மாட்டி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், வெட்டி இழுக்காமல் மெதுவாக எடை கொடுங்கள். நட்டு ஒரு சுற்று இளகிய பிறகு வண்டியைத் தூக்கினால் போதும். சாக்கெட்டுக்குள் சிக்கிய நட்டைப் பின்பக்கத்திலிருந்து ஒரு கம்பியால் தட்டினால் வெளியே வந்துவிடும்.

சில நட்டுகளில் வெளி வளையம் தனியாகச் சுழலும். சாக்கெட் அதைப் பிடித்தாலும் வளையம்தான் சுற்றும், நட்டு அசையாது. அங்கே வளையத்தை முதலில் உடைத்து எடுக்க வேண்டும் அல்லது துளையிட வேண்டும், இல்லையென்றால் வேறொரு நட்டை அதன் மேல் வெல்டிங் செய்து திருப்ப வேண்டும். இவற்றை வீட்டில் முயலாதீர்கள். நட்டின் இரும்பு மிகக் கடினம், துளைக்கருவி வழுக்கினால் வீல் போச்சு, வெல்டிங் சூடு டயருக்கு ஆபத்து. பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஒன்றைக் கழற்றியதும் மற்ற மூன்றையும் அதே நாளில் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பஞ்சரில் இதே கதை. பதிலுக்குப் போடும் நட்டின் மரை அளவும் (எம்12 அல்லது எம்14, மரை இடைவெளி 1.25 அல்லது 1.5 மி.மீ. என வண்டிக்கு வண்டி மாறும்), வீலில் உட்காரும் முகத்தின் வடிவமும் பழைய நட்டோடு ஒத்துப்போக வேண்டும். கூம்பு முகம் வர வேண்டிய இடத்தில் உருண்டை முகத்தைப் போட்டால் ஓடும்போது தளரும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள், பெரும்பாலான கார்களுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

மறுபடி லாக் நட்டே போடுவதென்றால், அதன் மேல் இம்பாக்ட் கன் (அதிரடியாக நட்டைத் திருப்பும் பட்டறை மெஷின்) வைக்க யாரையும் விடாதீர்கள், சாவியின் பற்கள் உடைவது அதனால்தான். எண் அட்டையைப் போனில் படம் பிடித்து வைத்துவிட்டு, சாவியை ஜாக்கியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.