ஒன்பது மாகாணம், ஒன்பது மரதன்: யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்குவது எப்படி?

அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் ஒவ்வொரு மரதன் ஓடி முடிப்பது பலருக்கு வாழ்நாள் இலக்கு. அதற்கென்றே ஒரு கழகமும் அங்கே இருக்கிறது. டீன் கர்னாசெஸ் என்பவர் 2006இல் ஐம்பது மாநிலங்களில் ஐம்பது மரதன்களை அடுத்தடுத்து ஐம்பது நாட்களில் ஓடினார். நமக்கு இருப்பவை ஒன்பது மாகாணங்கள்தான். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, சில வருடங்களில் நிதானமாக முடிக்கக்கூடிய ஆசை இது. நான் வடக்கில் தொடங்கி ஊவாவில் முடித்தேன்.

ஒன்பது மாகாணத்திலும் போட்டி நடக்கட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். கொழும்பில் முழு மரதன் நடக்கும். ஊர் விளையாட்டு விழாக்களில் மரதன் என்று அறிவிப்பது பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து கிலோமீற்றர் வீதியோட்டம். ஆகவே பாதையை நீங்களே அளந்து, நீங்களே ஓடுங்கள். பதக்கம் கிடைக்காது. ஆனால் தூரம் சரியாக 42.195 கிலோமீற்றர் இருக்க வேண்டும். இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான்.

அரை மரதனாவது ஓடியவர்களுக்காக எழுதுகிறேன். பயிற்சி அட்டவணை, சப்பாத்து எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 1: மழையையும் காற்றையும் பார்த்து வரிசை போடுங்கள்

ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வடக்கும் கிழக்கும் நனையும். மே முதல் செப்ரெம்பர் வரை மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களில் மழை. எனவே தை, மாசியில் காலி, கொழும்புப் பக்கம் போங்கள். ஊவாவை ஆனி, ஆடிக்கு வையுங்கள். யாழ்ப்பாணத்துக்கு மாசி நல்லது. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில், யாழ்ப்பாணத்தைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தில் ஓடினால் எதிர்காற்றில் போகும் பலம், திரும்பி வரும்போது அப்படியே கிடைக்காது. வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும்.

படி 2: மாகாணத்துக்குள் இடம் தேர்வு

மாகாணத் தலைநகரில்தான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மத்திய மாகாணம் என்றதும் எல்லாரும் கண்டி ஏற்றங்களை நினைத்துப் பயப்படுகிறார்கள். தம்புள்ளையும் மத்திய மாகாணம்தான், அங்கே ஏற்றம் குறைவு. ஊவாவில் பதுளை முழுக்க மேடு பள்ளம், ஆனால் அதே மாவட்டத்தில் மகியங்கனை தாழ்நிலம். சப்ரகமுவவுக்கு மழை நகரமான இரத்தினபுரியை விட்டு எம்பிலிப்பிட்டியவை எடுக்கலாம். வடமேல் மாகாணத்தில் மாரவில, வென்னப்புவப் பக்கக் கரையோரம் சமதரை. அநுராதபுரத்தில் குளக்கட்டுகள் இருக்கின்றன.

முதல் முறை ஓடுபவர்கள் சமதரையையே எடுங்கள். மலையில்தான் ஓடுவேன் என்றால் என் விருப்பம் நுவரெலியா, கிறகறி வாவிப் பக்கம். 1,868 மீற்றர் உயரம். மூச்சு கொஞ்சம் வாங்கும், ஆனால் வியர்வை பிசுபிசுக்காமல் ஓடுகிற சுகமே தனி.

படி 3: பாதையை அளப்பது

மணிக்கூட்டில் ஜிபிஎஸ் இருக்கிறதே, பிறகு எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்பீர்கள். திறந்த வெளியில் அது நன்றாக வேலை செய்யும். மரநிழலிலும் கட்டடங்களுக்கு இடையிலும் திருப்பங்களிலும் அலையும். சிறு சிறு பிழை சேர்ந்து சேர்ந்து, நீங்கள் ஓடாத சில நூறு மீற்றர்களையும் ஓடியதாகக் காட்டிவிடும். மணிக்கூடு 42.2 என்று சொல்லும் இடத்தில் நின்றால், உண்மையில் மரதன் முடிந்திருக்காது.

உலகப் போட்டிகளின் பாதைகளை இன்றும் சைக்கிளால்தான் அளக்கிறார்கள். முன்சில்லு எத்தனை முறை சுற்றியது என்பதை எண்ணும் சிறு கருவியைப் பூட்டி, குறுகிய வழியில் ஓட்டிப் பார்ப்பார்கள். நாமோ சைக்கிள் ஊரில் இருக்கிறோம். சில்லுக் கம்பியில் காந்தம் பூட்டும் சாதாரண சைக்கிள் மீற்றர் ஒன்று போதும். கம்பி உள்ள மலிவான வகையையே வாங்குங்கள். கம்பியில்லாதது சில நேரம் எண்ணிக்கையை விட்டுவிடும்.

முதலில் மேசன்மார் வைத்திருக்கும் 30 மீற்றர் இரும்பு நாடாவை இரவல் வாங்குங்கள். துணி நாடாவும் பிளாஸ்ரிக் நாடாவும் இழுபடும், வேண்டாம். நேரான, ஆளரவமற்ற வீதியில் பத்து நாடா நீளம், அதாவது 300 மீற்றர், சோக்கால் குறியுங்கள். ரயருக்கு நன்றாகக் காற்றடித்து, காற்றுக் குழாய் நிலத்தைப் பார்த்தபடி இருக்க, முதல் குறியில் சில்லை வையுங்கள். ஏறி ஓட்டிக்கொண்டே சுற்றுகளை எண்ணுங்கள். கடைசிக் குறியில் மீதி எத்தனை கம்பி என்று பார்த்தால் அரை, கால் சுற்றும் கணக்கில் வந்துவிடும். இப்படி நான்கு முறை.

141 சுற்றும் அரையும் வந்தது என்று வைப்போம். 300ஐ 141.5ஆல் பிரித்தால் 2.120 மீற்றர். இதுதான் உங்கள் சில்லின் சுற்றளவு. ஏறி இருக்காமல் சில்லை மட்டும் நாடாவால் சுற்றி அளந்தால் இந்த இலக்கம் வராது. நீங்கள் ஏறியதும் உங்கள் பாரத்தில் ரயர் அமுங்கி, சுற்றளவு குறையும். அதனால் யார் பாதையை அளக்கப் போகிறாரோ அவர்தான் இந்த 300 மீற்றரையும் ஓட்ட வேண்டும். தம்பியை ஓட்டவிட்டு நீங்கள் எண்ணாதீர்கள்.

அடுத்தது முக்கியம். சைக்கிள் மீற்றரில் சுற்றளவை மில்லிமீற்றரில் பதியும்போது 2120 என்று போடாமல் 2118 என்று போடுங்கள். பாதை தவறியும் குறைந்துவிடக்கூடாது என்பதற்காக, ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டி அளப்பது உலக வழக்கம். அந்த 2 மில்லிமீற்றர்தான் அது. மரதன் முழுவதற்கும் ஏறத்தாழ 42 மீற்றர் கூடுதலாக வரும். வரட்டும்.

42 கிலோமீற்றரையும் அளக்கத் தேவையில்லை. 10.549 கிலோமீற்றர் அளந்து, அந்த இடத்தில் திரும்பி வாருங்கள். போய் வருவதை இரண்டு முறை செய்தால் 42.196. எனக்குப் பிடித்தது பண்ணையில் தொடங்கி வேலணைப் பக்கம் போகும் வீதி. இரண்டு பக்கமும் கடல், குறுக்கு வீதிகள் குறைவு. நிழல் மட்டும் கிடையாது. வளைவுகளில் நீங்கள் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் சைக்கிளை விடுங்கள். நடுவீதியால் அழகாக வளைந்து போனால் அளவு கூடிவிடும். ஓடும்போது உள்வளைவில் ஓடுவீர்கள், பாதை குறைந்துபோகும்.

காலை வெயிலுக்கு முன் அளந்து முடியுங்கள். வெயில் ஏற ஏற ரயர் காற்று விரிந்து சுற்றளவு மாறும். முடிந்ததும் அந்த 300 மீற்றரை மறுபடி ஓட்டி, முதல் எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள். திரும்பும் இடத்தைப் பெயின்ரால் மட்டும் குறித்தால் ஒரு மாரிக்கு மேல் நிற்காது. பக்கத்து மதகு, மின்கம்பம் என்று ஏதாவதிலிருந்து எத்தனை அடி என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

வெளி மாகாணங்களுக்குச் சைக்கிளைக் காவிக்கொண்டு போகத் தேவையில்லை. மீற்றரையும் நாடாவையும் பையில் போட்டுக்கொண்டு இரவு பஸ் ஏறுங்கள். போன இடத்தில் ஒரு சைக்கிள் இரவல் வாங்கி, முதல் நாளே அளந்துவிடலாம். சில்லு வேறு என்பதால் 300 மீற்றர் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: தண்ணீர், உப்பு, இனிப்பு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நம் வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் ஐதாகிவிடும். தலையிடி, வாந்தி, தடுமாற்றம் என்று தொடங்கி உயிரையே எடுக்கக்கூடியது. 2002 பொஸ்ரன் மரதனில் இரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 வீதமானோருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம்தான் அது அதிகம்.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஓடுங்கள். முன்னும் பின்னும், வியர்வை ஊறிய உடுப்பில்லாமல், எடை பாருங்கள். 60 கிலோ 59.2 ஆகி, இடையில் அரை லீற்றர் குடித்திருந்தால், வியர்த்தது 1.3 லீற்றர். மணிக்கு அதற்கு மேல் ஒருபோதும் குடிக்காதீர்கள், சற்றுக் குறைவாகவே குடியுங்கள். உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பொதியை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொண்டு போங்கள். இளநீர் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. முடித்த பிறகு குடிக்கலாம்.

இனிப்புக்கு வெளிநாட்டு ஜெல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பனங்கட்டிக் குட்டானைப் பிரித்து, கடைவாயில் ஒதுக்கும் அளவுக்கு உடைத்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை, தண்ணீரோடு. கதலிப் பழமும் நல்லது. எதையும் நீண்ட பயிற்சி ஓட்டங்களில் வயிறு ஏற்கிறதா என்று பார்த்த பிறகே மரதனுக்குக் கொண்டு போங்கள்.

படி 5: ஓடும் நாள்

விடிய நான்கு, நாலரைக்குத் தொடங்குங்கள். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒருவர் கூட வரவேண்டும். தனியாக 42 கிலோமீற்றர் வேண்டாம். தலை லைற், பின்னால் மினுங்கும் சிவப்பு லைற் இரண்டும் கட்டாயம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள், முதுகைக் காட்டாதீர்கள். கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மரதன் இன்னொரு நாள் ஓடலாம்.

பிற்சேர்க்கை

யானையைப் பற்றி எழுதவில்லையே என்று வவுனியா வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மிகவும் சரி. அநுராதபுரம், ஹபரணை, மகியங்கனை, எம்பிலிப்பிட்டியப் பக்கங்களில் இருட்டோடு நகரை விட்டு வெளியே போகவே கூடாது. அங்கெல்லாம் நகருக்குள் சிறிய சுற்று ஒன்றை அளந்து பல தடவை ஓடுங்கள். யானை வரும் வழி அந்த ஊர் ஓட்டோக்காரருக்குத் தெரியும், முதல் நாளே கேளுங்கள்.

கனடாவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது வடக்கு மாகாண ஓட்டத்தை முடிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். முடிக்கலாம், ஆனால் வந்து இறங்கிய வாரமே வேண்டாம். குளிருக்குப் பழகிய உடல் இந்த வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் எடுக்கும். கோயிலடி வீதிகளும் அந்த நாட்களில் மூடியிருக்கும். திருவிழா 25 நாள் என்பதால் கணக்கு எளிது. கொடியேற்றத்துக்கு வந்துவிடுங்கள், தினமும் காலமை அரை மணி, முக்கால் மணி மெதுவாக ஓடுங்கள். தீர்த்தம் முடிந்து இரண்டு நாள் ஓய்வெடுத்து, சோழகம் தணிந்த ஒரு விடியலாகப் பார்த்துப் பண்ணைக்குப் போங்கள்.