வான்வழி வேவுப் படங்களை அலுவலகங்களுக்கிடையே ஒரே ஒழுங்கில் பேணுதலும் பகிர்தலும்: வன்னிக்கான வழிகாட்டி

முகமாலைக்கும் ஆனையிறவுக்கும் இடைப்பட்ட ஒரே நிலப்பரப்பை வானிலிருந்து பார்த்த படங்கள் பல கைகளில் இருக்கும். வன்னி மக்கள் 'வண்டு' என்று அழைத்த ஆளில்லா வேவு விமானங்கள் எடுத்தவை படைத்தரப்பிடம் இருக்கும். பின்னாளில் ட்ரோன் மூலம் எடுத்தவை மிதிவெடி அகற்றும் நிறுவனங்களிடமும், வெள்ளக் காலத்தில் எடுத்தவை அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமும், குளங்களையும் வாய்க்கால்களையும் காட்டுபவை நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் இருக்கும். ஒருவரின் காணியை விடுவிப்பது பற்றிப் பிரதேச செயலகத்தில் பேச்சு வரும்போது இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க முடிய வேண்டும். அதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் இரகசியம் என்று எண்ணப்படுகிறது. ஆனால் கோப்பின் வடிவமும், அதனுடன் எழுதப்படாமல் விடப்பட்ட விவரங்களும் அதே அளவு தடையாக நிற்கின்றன. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது தடையை நீக்குவதற்காக, மாவட்ட மட்டத்தில் தரவுகளுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கென எழுதப்படுகிறது.

இந்தச் சிக்கலைப் பெரிய படைகளும் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. 1991 வளைகுடாப் போருக்கு அமெரிக்கப் படைப்பிரிவுகள் தத்தமக்கென வாங்கிய பட அனுப்பீட்டுக் கருவிகளுடன் சென்றன. அவற்றுட் பல ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால், எடுத்த படம் தேவைப்பட்டவரின் கைக்கு வேளைக்குச் சேரவில்லை என்பது போருக்குப் பிந்திய விசாரணைகளில் பதிவானது. அதன் பின்னர் நிட்ஃப் (NITF) என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொதுப் படக்கோப்பு வடிவம் எல்லாப் பிரிவுகளிடமும் வலியுறுத்தப்பட்டது. நேட்டோ நாடுகள் அதனுடன் ஒத்த வடிவத்தை 4545 ஆம் இலக்க உடன்பாடாகவும், ஒரு நாட்டின் படக் களஞ்சியத்தை இன்னொரு நாடு வினவும் முறையை 4559 ஆம் இலக்க உடன்பாடாகவும் ஏற்றுக்கொண்டன. நிட்ஃப் கோப்பின் தலைப்பகுதியிலேயே படம் எடுக்கப்பட்ட நேரம், நிலத்தில் அதன் நான்கு மூலைகளின் அமைவிடம், இரகசிய நிலை, அந்த நிலை எப்போது நீங்கும் என்பன எழுதப்படுகின்றன. படமும் அதன் விவரமும் பிரியாமல் ஒரே கோப்பில் பயணிக்கும் இந்த ஏற்பாட்டையே நாமும் பின்பற்ற வேண்டும். வடிவத்தைப் பொறுத்தவரை, எமது அலுவலகங்களுக்கு, படத்துடன் அதன் அமைவிடத்தையும் சேர்த்து வைக்கும் ஜியோடிஃப் (GeoTIFF) போதும். கியூஜிஐஎஸ் (QGIS) போன்ற இலவச வரைபட மென்பொருளில் அது திறக்கும், படைத்தரப்பிலிருந்து நிட்ஃப் கோப்பு வந்தாலும் அதே மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வேலை மூலக்கோப்பைக் காப்பது. கமெராவின் அட்டையிலிருந்து கணினிக்கு வந்த கணமே அதன் எஸ்எச்ஏ-256 (SHA-256) சரிபார்ப்புக் குறியை (கோப்பு சிறிதளவு மாறினாலும் தானும் மாறிவிடும் எண்ணை) கணித்துப் பதிவேட்டில் எழுதி, கோப்பை வாசிக்க மட்டும் முடியுமாறு பூட்டிவிட வேண்டும். அதன் பின் வெட்டுவது, நிறம் திருத்துவது, வரைபடத்துக்குப் பொருத்துவது எல்லாம் பிரதியிலேயே நடக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியும் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பது அதன் பெயரிலேயே தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படுவதுடன் அமைவிடக் குறிப்பும் அழிந்துவிடும் என்பதை ஒவ்வொரு கள உத்தியோகத்தருக்கும் சொல்லிவைக்க வேண்டும். வேறு வழியில்லாத அவசரத்தில் 'ஆவணம்' என்ற தெரிவின் மூலம் அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். படம் எடுத்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுவதே விதியாக இருக்க வேண்டும். வன்னியைப் பொறுத்தவரை இதற்குத் தனிக் காரணம் உண்டு. 1996 மே மாதம் கொழும்பு தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. பழைய ஐந்தரை மணி வித்தியாசத்துக்கு 2006 ஏப்ரலிலேயே திரும்பியது. அந்தப் பத்தாண்டும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்தையே வைத்திருந்தது. ஆகவே, 2000 ஆம் ஆண்டின் ஒரு படத்தில் காலை 10 மணி என்று மட்டும் எழுதியிருந்தால், அது யாருடைய 10 மணி என்பது தெரியாமல் நிழலின் நீளத்தைக் கொண்டு கட்டடத்தின் உயரத்தையோ அகழியின் ஆழத்தையோ கணிப்பது பிழைத்துப்போகும். அக்காலப் படங்களைப் பதியும்போது மூலத்தில் உள்ள நேரத்தை அப்படியே பதிவேட்டின் ஒரு புலத்திலும் (கட்டத்திலும்), மாற்றிய பொது நேரத்தை இன்னொரு புலத்திலும், எந்த அடிப்படையில் மாற்றினீர்கள் என்பதை மூன்றாவது புலத்திலும் எழுதுங்கள்.

அமைவிடத்தில் விடப்படும் கவனக்குறைவு உயிருக்கே ஆபத்தானது. இலங்கையின் பழைய வரைபட வலையில் பிதுருதலாகலைத் தொடக்கப்புள்ளிக்குக் கிழக்காகவும் வடக்காகவும் 200,000 மீற்றர் என்ற எண்ணும், 1999 ஆம் ஆண்டின் புதிய வலையில் 500,000 மீற்றர் என்ற எண்ணும் வழங்கப்பட்டுள்ளன. இவற்றை மாற்றிப் போட்டால் கிளிநொச்சி கடலுக்குள் போய்விடும். அந்தப் பிழை உடனே கண்ணில் படும் என்பதால் அது பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. கண்ணில் படாத பிழையே அஞ்சத்தக்கது. பழைய வரைபடங்களின் கந்தவளை என்ற அளவை அடிப்படையில் (பூமியின் வடிவத்தையும் அளவைத் தொடக்கத்தையும் கொள்ளும் முறையில்) எழுதிய அகலாங்கு நெட்டாங்கை ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலக அடிப்படையில் உள்ளதாக எண்ணிக்கொண்டால், புள்ளி சுமார் 200 மீற்றர் விலகிப்போகும். வரைபடத்தில் எல்லாம் பொருத்தமாகவே தோன்றும், ஆனால் மிதிவெடி வயலின் எல்லை அடுத்தவரின் தென்னந்தோட்டத்தில் விழும். எனவே கோப்பு எந்த அடிப்படையில் உள்ளது என்பதை அதற்குரிய ஈபிஎஸ்ஜி (EPSG) குறியீட்டு எண்ணால் எழுதுங்கள்: பழைய வலைக்கு 5234, புதிய வலைக்கு 5235, ஜிபிஎஸ் அகலாங்கு நெட்டாங்குக்கு 4326, உலகை வலயங்களாகப் பிரிக்கும் யூடிஎம் (UTM) வலையில் வட அரைக்கோளத்தின் 44 ஆம் வலயத்துக்கு 32644. இந்த எண் இல்லாத படத்தை எந்த அலுவலகமும் ஏற்றுக்கொள்ளக்கூடாது என்பதில் நெகிழ்வு காட்ட வேண்டாம்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பவும் கூடாது. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் உண்டு. ஒரே பெயருள்ள குளங்களோ எண்ணிறந்தவை. கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தைப் பெயருடன் சேர்த்து எழுதினால் மொழி மாறினாலும் எழுத்துக்கூட்டல் மாறினாலும் குழப்பம் வராது. படக்கருவியின் வகை, வில்லையின் குவியத் தூரம், பறந்த உயரம் ஆகியவற்றையும் விடக்கூடாது. இரண்டாம் உலகப் போரின் வேவுப் படச்சுருள்களில் பறப்பிலக்கமும் திகதியும் குவியத் தூரமும் படத்தின் விளிம்பிலேயே எழுதப்பட்டதால்தான், அவற்றை இன்றும் அளந்து பயன்படுத்த முடிகிறது.

பழைய செய்மதிப் படங்களுக்குச் சற்றுக் கூடுதலான உழைப்புத் தேவை. 1960 முதல் 1972 வரை இயங்கிய அமெரிக்காவின் கொரோனா வேவுச் செய்மதிகள் எடுத்த 800,000 இற்கும் மேற்பட்ட படங்கள் 1995 பெப்ரவரியில் இரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. அந்நாட்டுப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் களஞ்சியத்தில் எவரும் அவற்றைத் தேடிப் பெறலாம். அவை சுழலும் கமெராவில் நீண்ட நாடாவாகப் பதிவானவை. ஓரங்களில் வளைவு இருக்கும், ஆயங்கள் எவையும் இருக்கமாட்டா. ஆதலால், அன்றும் இன்றும் இடம் மாறாத பழைய மதகுகள், தேவாலயங்கள், ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் பரந்தன் சந்தி போன்றவற்றைக் கொண்டு அவற்றை நிலத்துக்குப் பொருத்த வேண்டும். பின்னர் உயர்த்திக் கட்டப்பட்ட குளக்கட்டுகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக எடுக்க வேண்டாம். எந்தப் புள்ளிகளைக் கொண்டு பொருத்தினீர்கள், எத்தனை மீற்றர் பிழை எஞ்சியது என்பவற்றையும் கோப்புடன் வைத்திருங்கள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றைக்காடாகிப்போன வயல்களைப் பற்றி வனவளத் திணைக்களத்துக்கும் காணிக்காரருக்கும் இடையே வழக்கு எழும்போது, அந்த நிலம் முன்னர் எப்படி இருந்தது என்பதற்கு இத்தகைய படத்தைவிடப் பக்கச்சார்பற்ற சாட்சி கிடைப்பது அரிது. அந்தச் சாட்சி ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் நீங்கள் எழுதி வைக்கும் இந்த விவரங்களைப் பொறுத்தது.

எதை யார் பார்க்கலாம் என்பதற்கு மூன்று நிலைகள் போதும்: எவரும் பார்க்கலாம், அலுவலகப் பாவனைக்கு மட்டும், பெயர் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும். கடைசி இரண்டையும் இடும் அலுவலர் காரணத்தையும் முடிவுத் திகதியையும் எழுதியே ஆகவேண்டும், ஏனெனில் முடிவுத் திகதி இல்லாத தடை ஒருபோதும் நீங்குவதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு குடிமகன் கேட்டுவரும்போது எழுதப்பட்ட காரணம் இல்லாமல் மறுப்பது முறையாகாது. ஆபத்தான பகுதியின் எல்லை ஊர் மக்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது. ஆனால் பழைய இரும்பு தேடுவோரை ஈர்க்கக்கூடிய வெடிபொருட் குவியலின் சரியான புள்ளியை மூன்றாம் நிலையில் வைக்கலாம். தாழப் பறந்து எடுத்த படங்களில் வீட்டு முற்றமும் கிணற்றடியும் தெளிவாகத் தெரியும். அவற்றைப் பொதுவில் விடுமுன் தெளிவைக் குறையுங்கள். 2023 இல் கொக்குத்தொடுவாயில் மனித எச்சங்கள் வெளிப்பட்டதைப் போன்ற இடங்களின் படங்கள் நீதிமன்றத்துக்குச் செல்லக்கூடியவை என்பதால், அவற்றை யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்ற கைமாற்றுப் பதிவு இடைவெளியின்றி இருக்க வேண்டும்.

பகிரும்போது முதலில் பகிர வேண்டியது பட்டியலே. ஒவ்வொரு படமும் நிலத்தில் மூடும் பரப்பு, திகதி, வைத்திருக்கும் அலுவலகம், அனுமதி நிலை ஆகிய நான்கும் கொண்ட பொதுப் பட்டியல் மாவட்டச் செயலகத்தில் இருந்தால், கட்டுப்படுத்தப்பட்ட படம்கூட இருக்கிறது என்பதாவது தெரியவரும். கேட்க வேண்டிய இடமும் தெரியும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்ததைப் போன்ற வேளையில் முழுத் தரமுள்ள கோப்புக்காகக் காத்திருக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் வான்படங்களை ஆராய்ந்த பிரித்தானியரின் மெட்மனம் நிலையம் படங்களை மூன்று கட்டமாக வாசித்தது: உடனடித் தேவைக்கு விரைவான முதல் வாசிப்பு, ஒரு நாளுக்குள் இரண்டாவது, ஆறுதலாக ஆழமான மூன்றாவது. அவ்வாறே சுருக்கிய பிரதியை முதலில் அனுப்பி, மூலத்தின் இலக்கத்தை அதில் இட்டு, முழுக்கோப்பைப் பின்னர் சேர்ப்பியுங்கள்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே என்ற வழமையான விதி இங்கும் பொருந்தும். வெக்கையும் மின்தடையும் வன்தட்டுகளைப் பழுதாக்கும் என்பதால் சரிபார்ப்புக் குறிகளை ஆண்டுக்கு இருமுறை மீளக் கணித்துப் பாருங்கள். அத்துடன், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் அலுவலகமும் தன் களஞ்சியத்திலிருந்து சில கோப்புகளை எழுந்தமானமாக எடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் இன்னோர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். பெற்றவர்கள் தொலைபேசியில் எதையும் கேட்காமல் அவற்றைத் திறந்து, சரியான இடத்தில் பொருத்தி, எடுத்த நேரத்தைச் சொல்ல முடியாவிட்டால், எந்தப் புலம் வெறுமையாக இருந்தது என்பதைக் குறித்து அந்த வகைக் கோப்புகள் அனைத்தையும் திருத்த வேண்டும்.