குண்டு மிளகாய்க்கு ஹார்மோன் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, கடலாடி பக்கம் புதிதாக மிளகாய் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பூ கொட்டாமலிருக்க என்.ஏ.ஏ. என்ற ஹார்மோன் மருந்தை அடிப்பதில் முன்பு நாங்கள் செய்த அதே கூத்துதான். உச்சி வெயிலில் அடிக்காதே, எதிர்காற்றில் அடிக்காதே என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், விடுங்கள்.

பூ கொட்டுகிறதென்று அளவைக் கூட்டுவது

இதற்குத்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. போன பருவத்தில் ஒரு தம்பி உதிர்ந்த பூவைத் துண்டில் அள்ளிக்கொண்டு வந்து, "அண்ணே, மருந்து போலி" என்றார். எவ்வளவு ஊற்றினாய் என்றேன். டேங்குக்கு ரெண்டு மூடியாம்! செடியைப் போய்ப் பார்த்தால் கொழுந்தெல்லாம் முறுக்கிக் கிடக்கிறது.

மருந்து போலியில்லை. பூவிலிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் காம்பு வழியே இறங்கிக்கொண்டிருக்கும் வரை, காம்பில் பூ கழலும் இடமான உதிர் அடுக்கு, உதிரவைக்கும் ஹார்மோனான எத்திலீனுக்கு மசியாது. வறட்சியிலோ வெப்பத்திலோ ஆக்சின் வரத்து குறைந்தால் எத்திலீன் கை ஓங்கும். செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை கரைந்து, பூ காம்போடு கழன்றுவிடும். என்.ஏ.ஏ. செயற்கை ஆக்சின்; அந்தக் குறையை நிரப்பத்தான் அடிக்கிறோம். ஆனால் ஆக்சின் மிஞ்சினால் செடியே எத்திலீனை அதிகமாகச் சுரக்கும். ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சைக் கலைப்பதற்கென்றே இதே என்.ஏ.ஏ.வை அடிக்கிறார்கள். பூவை நிறுத்த வாங்கிய மருந்தே பூவைக் கொட்டும். மருந்துக் காசும் போச்சு, காய்ப்பும் போச்சு.

மிளகாய்க்கு 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு, போதும். கடையில் கிடைக்கும் 4.5 சதவீத மருந்தானால் 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி. 16 லிட்டர் டேங்குக்கு மூன்றரை மில்லி. மூடிக்கணக்கு வேண்டாம், ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள்.

தண்ணீர் நிற்கும்போது அடிப்பது

கார்த்திகை மழையில் வேர் மூச்சு முட்டினால், எத்திலீனுக்கான மூலப்பொருள் வேரில் சேர்ந்து மேலே ஏறி, இலையில் எத்திலீனாக மாறும். தக்காளியில் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். மிளகாயும் அதே குடும்பம்தான். முதலில் தண்ணீரை வடியுங்கள்.

ஆக்சினோடு சைட்டோகைனினைக் கலப்பது

சைட்டோகைனின் இன்னொரு செடி ஹார்மோன். 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற விஞ்ஞானிகள் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டியது இது: ஆக்சின் விகிதம் கூடினால் வேர், சைட்டோகைனின் கூடினால் தண்டு, இரண்டும் நடுத்தரமானால் வெறும் திசுக்கட்டி. ஆய்வகத்தில் மில்லிகிராம் சுத்தமாக அளந்து செய்கிற வேலை அது. வாளியில் குத்துமதிப்பாகக் கலக்காதீர்கள்.

வேர் பிடிக்காத நாற்றில் நுனி கிள்ளுவது

கிள்ளாதீர்கள்.

களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயர்

2,4-டி என்ற களைக்கொல்லியும் ஆக்சின் வகைதான். மிளகாய்க்குத் தனி ஸ்பிரேயர் வையுங்கள்.